கடல் கடந்த மடல்: பிளஸ் ஒன் புத்தகம்

ஸ்டுட்கார்ட், ஜெர்மனி.



சென்ற மாதம் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது, படப்பைக் கடைத்தெருவிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் என் தமக்கை வீட்டுத் திண்ணையில், செய்தித்தாளால் அட்டை போட்டு அடுக்கி வைத்திருந்த பாடப்புத்தகங்களை ஒரு பிற்பகலில் எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஜூன் பிறந்தால் பிளஸ் டூ வகுப்பில் பிரவேசிக்கவிருக்கும் அவள் மகளுடைய புத்தகங்கள் அவை. இன்னும் தொடங்காத அந்த வகுப்பின் இயற்பியல் புத்தகமோ ஓரங்கள் மடங்கி, புக் பேக் வினாக்களுக்கெல்லாம் பென்சில் குறி ஏறி, முதல் ரிவிஷன், இரண்டாம் ரிவிஷன் என்று தேதியும் எழுதப்பட்டுப் பழசாகியிருந்தது. படித்து முடித்ததாகச் சொல்லப்பட்ட பிளஸ் ஒன் புத்தகமோ, விரித்தால் முதுகு முறியும் ஓசை கேட்கும்படி, அச்சு மையின் வாசனை கூட மாறாமல் இருந்தது.

"இது என்ன கண்ணு, இதைத் திறக்கவே இல்லையா?" என்று கேட்டேன்.

"அது கட் ஆஃபுக்கு வராது மாமா. ஸ்கூல்ல ஆகஸ்ட்லேயே பிளஸ் டூ போர்ஷன் ஆரம்பிச்சிட்டாங்க" என்றாள். அவள் குரலில் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை. இருக்கவேண்டிய நியாயமும் இல்லை. பதினாறு வயதுப் பெண், பெரியவர்கள் காட்டிய வழியில் ஒழுங்காக நடந்திருக்கிறாள்.

அவள் சொன்ன கணக்கும் சரியானதே. அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகமாயினும், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யாயினும், தமிழகத்துப் பொறியியல் கலந்தாய்வில் இடம் நிர்ணயிப்பது பிளஸ் டூ மதிப்பெண் ஒன்றே: கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆகக் கூடி 200. கம்ப்யூட்டர் சயன்ஸ் வேண்டுமானால், கிண்டியில் 199ஐ ஒட்டி நிற்கவேண்டும். அரை மதிப்பெண்ணில் நூற்றுக்கணக்கான பேர் முன்னே போய்விடுகிற இந்தப் போட்டியில், கணக்கில் வராத ஒரு வருஷத்தைக் கணக்கில் வரும் வருஷத்திற்குத் தீனியாகப் போட்டுவிடலாம் என்று சில பள்ளிகளுக்குத் தோன்றியதில் ஆச்சரியமில்லை. இந்த வழக்கத்தைத் தடுக்கும் பொருட்டே 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். மறு வருஷமே அந்த மதிப்பெண் கல்லூரிச் சேர்க்கைக்குச் சேராது என்றானது. 2025ல் அந்தத் தேர்வும் நீக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகளின் பாரத்தைக் குறைக்க நினைத்த எண்ணம் நல்லதே. ஆனால் புத்தகத்தைத் திறக்கச் செய்த ஒரே நிர்ப்பந்தமும் அதோடு போய்விட்டது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு என் அனுபவமே காரணம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையிலிருந்து முதற்கார் வெளிவந்த 1998ஆம் வருஷத்தில்தான் நானும் பிளஸ் டூ முடித்தேன். அக்காலத்தில், 1984 முதல் நடைமுறையிலிருந்த நுழைவுத்தேர்வு வேறு உண்டு. பொதுத்தேர்வுக்கு 200, நுழைவுத்தேர்வுக்கு 100, ஆக 300. நான் படித்த பள்ளியும் பிளஸ் ஒன் பாடத்தைப் பாதியில் விட்டது. பொதுத்தேர்வு முடிந்த கையோடு தாம்பரத்தில் ஒரு மாதப் பயிற்சி வகுப்பில் சேர்ந்து, விடையைக் கண்டுபிடிக்கும் குறுக்கு வழிகளைக் கற்று, சென்னையில் ஒரு கல்லூரியில் இடமும் பெற்றேன். ஊரே மெச்சியது. முதல் பருவத்தில் என்ஜினியரிங் மெக்கானிக்ஸ் வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் ஓர் உத்தரத்தை வரைந்து, ஒரு முனையில் கீல், மறுமுனையில் உருளை, நடுவே பாரம் என்று அம்புக்குறிகள் இட்டு, ஒரு புள்ளியைப் பற்றித் திருப்புத்திறன் எடுக்கச் சொன்னார். எனக்கு அந்தச் சொல் தெரியும். அதன் பொருள் தெரியாது. வெக்டர் பெருக்கலும் திண்மப் பொருளின் சுழற்சியும் நான் தாண்டி வந்த அந்தப் பிளஸ் ஒன் புத்தகத்தில்தான் இருந்தன. அந்தப் பாடத்தில் அரியர் விழுந்தது, கணிதத்திலும் விழுந்தது.

விடுதியில் என் அறையில் தங்கியிருந்தவன் தெற்கே ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியிலிருந்து வந்தவன். கட் ஆஃபில் எனக்குக் கீழே இருந்தவன். இரவு பத்து மணிக்கு என்னை எழுப்பி அறைக்கதவின் அருகே நிறுத்தி, கீலுக்கு ஒரு சாண் தள்ளி விரலை வைத்துத் தள்ளச் சொன்னான். கதவு அசைவேனா என்றது. பிறகு தாழ்ப்பாள் பக்கம் விரலை வைக்கச் சொன்னான். தொட்ட மாத்திரத்தில் நகர்ந்தது. "விசை அதேதான். தூரம்தான் மாறிச்சு. ரெண்டையும் பெருக்கு, அவ்வளவுதான்" என்றான். அவனுடைய உபாத்தியாயர் பிளஸ் ஒன் வகுப்பில், பள்ளிக்கூடத்துக் கதவை வைத்து இதை நடத்தியிருந்தாராம். அந்த ஆசிரியரை நான் பார்த்ததில்லை. ஆனால் எனக்குப் பொறியியல் கற்பித்தவர்களில் அவரை முதல்வராக எண்ணுகிறேன்.

நான் இப்போது வாழும் இந்த நாட்டில், பள்ளியிறுதித் தகுதியான அபிட்டூருக்கு மொத்தம் 900 புள்ளிகள். அவற்றில் 600 புள்ளிகள் கடைசி இரண்டு வருஷங்களின் நான்கு அரையாண்டுகளிலும் வகுப்பில் பெற்ற மதிப்பீட்டிலிருந்து வருகின்றன; இறுதிப் பரீட்சைக்கு 300தான். இதன் விளைவாக, பதினொன்றாம் வகுப்புக்கு ஒப்பான வருஷத்தைத் தாண்டிக் குதிப்பது என்ற எண்ணமே இங்கே யாருக்கும் எழ வழியில்லை. இயந்திரப் பொறியியலில் சேர விரும்புகிறவர்கள் சில வாரம் பட்டறையில் அரம் பிடித்து இரும்பை ராவி, துளையிட்டு, அளந்து பழகவேண்டும் என்று எதிர்பார்க்கும் பல்கலைக்கழகங்களும் இங்கே உண்டு. ஜெர்மனியின் ஏற்பாடு எல்லாவற்றிலும் சிறந்தது என்று நான் சொல்லவில்லை. பத்து வயதிலேயே பிள்ளைகளைப் பள்ளி வகை பிரிக்கும் இவர்களுடைய வழக்கம் எனக்கு உடன்பாடன்று. நுழைவுத்தேர்வை நீக்க 2006ல் தமிழகச் சட்டமன்றம் செய்த முடிவை, பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்ட முடியாத கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்த காரியமாகவே மதிக்கிறேன். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021ல் தந்த 7.5 சதவீத இட ஒதுக்கீடும், அவர்களுடைய கட்டணத்தை அரசே ஏற்றதும் அவ்வாறே. அத்தகைய கதவின் வழியே உள்ளே போகும் பிள்ளை, உள்ளே போனபின் தடுக்கி விழக்கூடாதே என்பதுதான் என் கவலை.

வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் அதிகாலையில் நின்று பார்த்தேன். முதல் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் ஒரகடத்தை நோக்கி வரிசையாகப் போயின. லாரியும் காரும் மோட்டார் சைக்கிளும் அங்கே தினந்தோறும் பிறக்கின்றன. என் தமக்கையின் கணவரும் அந்தப் பஸ்களில் ஒன்றில்தான் பத்து வருஷமாகப் போய்வருகிறார். மகள் என்ஜினியராக வேண்டும் என்பது அவருடைய ஒரே பிரார்த்தனை. அவருடைய கையிலிருக்கும் டார்க் ரெஞ்ச், எந்தப் போல்ட்டை எவ்வளவு முறுக்கவேண்டும் என்று அளந்து சொல்கிறது. மகள் திறக்காத புத்தகத்தில் சுழற்சி இயக்கத்தைப் பற்றிய பாடம் அதையேதான் சொல்கிறது. அன்று இரவு தகப்பனையும் மகளையும் ஒன்றாக உட்காரவைத்து, அவர் செய்யும் வேலையை அவர் சொல்ல, அதன் சூத்திரத்தை அவள் புத்தகத்தில் தேட, நான் கேட்டுக்கொண்டிருந்தேன். "அப்பா, இது நியூட்டன் மீட்டர்" என்று அவள் சொன்னபோது, "அதான் கருவி மேலேயே போட்டிருக்குமே" என்றார் அவர்.

ஐ.ஐ.டி.யை நாடுகிறவர்களுக்கு நான் இதைச் சொல்லவேண்டியதில்லை. ஜேஇஇ தேர்வில் ஏறத்தாழப் பாதி பிளஸ் ஒன் பாடத்திலிருந்தே வருவதால், அவர்கள் அதைப் படித்தே தீரவேண்டும். மெயின் தேர்வைத் தமிழில் எழுத 2021 முதல் வழியுண்டு. அடுத்த கட்டமாகிய அட்வான்ஸ்டு தேர்வோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடக்கிறது. தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் கலைச்சொற்களை இரு மொழியிலும் பிளஸ் ஒன்னிலிருந்தே பழகிக்கொள்வது அவசியம்.

படப்பையிலும் மணிமங்கலத்திலும் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இந்த ஜூன் மாதம் பிள்ளைகளைப் பிளஸ் ஒன் சேர்க்கப் போகும் தாய் தந்தையரிடம் ஒரு வேண்டுகோள். சென்ற வருஷம் எத்தனை பேர் சென்டம் வாங்கினார்கள் என்பதைப் பள்ளி வாசலிலுள்ள பதாகையே சொல்லிவிடும். நீங்கள் தலைமையாசிரியரிடம் வேறொன்று கேளுங்கள்: "ஐயா, பிளஸ் ஒன் பாடத்தை எந்த மாதம் வரை நடத்துவீர்கள்?" மார்ச் என்று பதில் வந்தால் மட்டும் பணத்தைக் கட்டுங்கள்.