சார்லி பிரவுனுக்கு வராத முட்டை

மார்சிக்கு முட்டை வேகவைக்கத் தெரியாது. ஈஸ்டருக்கு வண்ணம் பூசலாம் என்று பெப்பர்மிண்ட் பேட்டி வாங்கிவந்து கொடுத்த முட்டை அத்தனையையும் அவள் சட்டியில் உடைத்துப் பொரித்துவிடுகிறாள். பேட்டி மறுபடி கடைக்கு ஓடுகிறாள். அந்த முட்டைகள் வாஃபிள் அச்சுக்கும் ரொட்டி வாட்டும் மெஷினுக்கும் போகின்றன. மூன்றாவது தடவை, தண்ணீரில்தான் வேகவைக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்கிறாள். மார்சி தண்ணீரைக் கொதிக்கவிட்டு முட்டைகளை ஒவ்வொன்றாக அதில் உடைத்து ஊற்றுகிறாள். முட்டை சூப் தயார்!

மேற்கத்திய காமிக்ஸ் என்றால் என் வயசுக் கூட்டாளிகளுக்கு முகமூடியும் குதிரையும் துப்பாக்கியும்தான். எனக்கு ஓர் உருண்டைத் தலையும் நெளிகோடு போட்ட சட்டையும். சார்லஸ் ஷூல்ஸ் வரைந்த 'பீநட்ஸ்'. 1950 அக்டோபர் 2ஆம் தேதி ஏழு அமெரிக்க நாளிதழ்களில் தொடங்கி, 2000 பிப்ரவரி வரை வந்தது. மொத்தம் 17,897 ஸ்ட்ரிப். கோடு, எழுத்து, வசனம் எல்லாமே அவர் ஒருவர் கை. உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளவே இல்லை.

அந்த உலகத்தில் ஈஸ்டர் என்றால் ஈஸ்டர் பீகிள். ஸ்நூப்பிதான். அமெரிக்கப் பிள்ளைகளுக்கு முட்டை கொண்டுவருவது முயல் என்பது வழக்கம். ஷூல்ஸ் முயலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தன் நாயை நிறுத்தினார். கூடையோடு துள்ளிக் குதித்து வந்து முட்டை வீசிவிட்டுப் போகிற நாய். 1974 ஏப்ரல் 9ஆம் தேதி அது ஒரு தொலைக்காட்சிப் படமாகவும் வந்தது. மார்சியின் சூப் அதில்தான்.

எங்களுக்கு இது வந்து சேர்ந்த வழி வேறு. சிங்கப்பூரில் புனித வெள்ளி பொது விடுமுறை. அப்பா பிராஸ் பசா காம்ப்ளெக்ஸுக்கு என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு போவார். அங்கே பழைய புத்தகக் கடைகள். விளிம்பு மஞ்சளித்த பீநட்ஸ் புத்தகங்களை அடுக்கிலிருந்து உருவி, விலையைப் பார்த்து, பாதியைத் திரும்ப வைத்துவிட்டு, மிச்சத்தை வாங்குவார். அப்பா கப்பல் பட்டறையில் வெல்டர். அவருடைய ஆங்கிலத்தில் பாதி பட்டறையில் கற்றது, மீதி இந்தப் புத்தகங்களில் கற்றது. கட்டத்துக்கு ஒரு வரி, அதுவும் சின்ன வரி. "இவனுக்கு மட்டும்தான் எனக்குப் புரியிற மாதிரி எழுதத் தெரியுது"ன்னு சொல்வார்.

நாங்கள் இந்துக் குடும்பம். ஈஸ்டர் எங்களுக்கு எதிர்வீட்டு ஆன்ட்டி வழியாகத்தான் வரும். ஓஃபிர் ரோட்டில் 1888இல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டிய லூர்து மாதா ஆலயம் இருக்கிறது இல்லையா, அங்கே பூசை முடிந்து வந்ததும் எங்கள் கதவைத் தட்டுவார். சாயம் ஏற்றிய அவித்த முட்டை, எனக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. நாய்க்குப் பதிலாக ஆன்ட்டி என்று நினைத்துக்கொள்வேன்.

படத்தில் எல்லாரும் ஈஸ்டருக்கு ஓடியாடி வேலை செய்யும்போது லைனஸ் மட்டும் நிம்மதியாக இருப்பான். ஈஸ்டர் பீகிள் வரும், எல்லாம் அது பார்த்துக்கொள்ளும் என்பது அவன் கட்சி. சாலிக்கு நம்பிக்கை இல்லை. இருக்கவும் நியாயமில்லை. ஹாலோவீன் இரவில் பூசணித் தோட்டத்தில் மாபெரும் பூசணி வரும் என்று அவளை உட்கார வைத்தவன் இதே லைனஸ்தானே! ஷூல்ஸின் ஐம்பது ஆண்டுகளில் அந்தப் பூசணி ஒரு தடவைகூட வரவில்லை. ஆனால் ஈஸ்டர் நாய் வந்துவிடுகிறது. நம்பினவன் ஒரு தடவையாவது ஜெயிக்கிறான்.

அந்த நாய் கொடுத்த முட்டைகள் யாருடையவை? லூசியுடையவை. முட்டை தேடும் போட்டியில் தானே ஜெயிக்க வேண்டும் என்று, தானே சாயம் பூசி, தானே புல்லில் ஒளித்து வைத்திருந்தாள். பின்னாலேயே போன ஸ்நூப்பி ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொள்கிறது. அப்புறம் ஊருக்கெல்லாம் வீசுகிறது. லூசிக்கும் ஒன்று கொடுக்கிறது, அவளுடைய முட்டையையே! அதைப் பல வாரம் கழித்தும் அவளால் தாங்க முடியவில்லை.

கடைசியாகச் சார்லி பிரவுன் முன்னால் வந்து நிற்கும்போது கூடை காலி.

1986 ஈஸ்டர், மார்ச் 30ஆம் தேதி. முந்தைய வருடம்தான் சிங்கப்பூர் சுதந்திரத்துக்குப் பிறகு முதல் பொருளியல் மந்தநிலையைப் பார்த்திருந்தது. கப்பல் பட்டறைகளில் ஆட்குறைப்பு. அப்பா பெயரும் பட்டியலில் இருந்தது. அவர் வீட்டில் இருக்க ஆரம்பித்து நான்கு மாதம் ஆகியிருந்தது. வாடகைக்கு எடுத்த வீடியோ கேசட்டில் அந்தப் படத்தைப் பார்த்தோம். எனக்குப் பத்து வயசு. கூடை காலியானதும் கோபம் வந்துவிட்டது. "சொந்த நாயே இப்படிச் செய்யலாமா?"ன்னு கேட்டேன்.

"அது வேணும்னு செய்யலம்மா. முட்டை தீர்ந்துபோச்சு. அவ்ளோதான்" என்றார் அப்பா.

ஹாலோவீன் படத்தில் சார்லிக்கு நடந்ததை ஞாபகப்படுத்தினார். வீடு வீடாகப் போன பிள்ளைகளுக்கெல்லாம் மிட்டாய் விழுகிறது, அவன் பையில் மட்டும் கல் விழுகிறது. "அது அநியாயம். கல்லைப் பொறுக்கிக் குடுக்க ஒருத்தன் மெனக்கெடணும். இது அப்படி இல்ல."

பட்டறையைப் பற்றியும் அவர் இதே மாதிரிதான் பேசுவார். பட்டியல் போட்ட மேற்பார்வையாளரை ஒரு நாளும் திட்டியதில்லை. வேலை இல்லை, ஆளைக் குறைத்தார்கள், அவரும் பாவம் சம்பளக்காரர்தானே என்பார்.

வளர்ந்த பிறகு இதில் அப்பாவோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. தீர்ந்துபோச்சு என்று சொல்கிறவர் யார், கூடை யார் கையில் இருக்கிறது என்று கேட்காமல் விட முடியாது. அதே படத்தில் ஒரு கூடை முட்டை, ஒரே ஒரு பிள்ளை ஜெயிப்பதற்காகப் புல்லுக்குள் கிடந்ததே! நாய் எடுக்காமல் விட்டிருந்தால் சார்லிக்கு மட்டுமில்லை, யாருக்குமே கிடைத்திருக்காது. இதைச் சொன்னால் அப்பா, "நீ ரொம்பப் படிச்சிட்டே" என்பார். பிறகு, "நாய்மேல கோவமில்லதானே?" என்பார். நாய்மேல் இல்லை. அந்த அளவுக்கு ஒத்துக்கொள்வேன்.

ஷூல்ஸ் என்ன நினைத்திருப்பார் என்று தேடிப் படித்திருக்கிறேன். மின்னசோட்டாவில் முடிதிருத்துபவரின் மகன். இளம் வயதில் தீவிர விசுவாசி, பைபிள் வகுப்பு நடத்தியவர். பிற்காலத்தில் நிறுவன மதத்திலிருந்து விலகி, தன்னை மதச்சார்பற்ற மனிதநேயத்துக்குப் பக்கமாக வைத்துப் பேசினார். கிறிஸ்துமஸ் படத்தில் நேரடியாக விவிலியத்தை வாசிக்கவைத்தவர், ஈஸ்டர் படத்தில் உயிர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதிர்வீட்டு ஆன்ட்டிக்கு அதில் குறைதான். எனக்கு அந்த மௌனம் பிடிக்கும். கோயிலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளையும் அந்தப் புல்வெளியில் உட்கார இடம் இருந்தது.

அந்த ஞாயிறும் ஆன்ட்டி வந்தார். ஒரு சிவப்பு, ஒரு நீலம். அம்மா நூலை எடுத்து இரண்டையும் சரிபாதியாக அறுத்தார். நான்கு பேருக்கு நான்கு பாதி. யாரும் படத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அப்பா மிளகுத்தூள் கேட்டார். அவருக்கு வேலை கிடைக்க இன்னும் ஏழு மாதம் ஆனது.

பீநட்ஸைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்தி படத்துக்குள் நடந்தது இல்லை. 1975இல் காதலர் தினப் படம் வந்தது. அதில் எல்லாருக்கும் வாழ்த்து அட்டை வருகிறது, சார்லி பிரவுனுக்கு மட்டும் வரவில்லை. ஷூல்ஸ் மாற்றவில்லை, நியாயம் செய்யவில்லை, வழக்கம்போல அவனை அப்படியே விட்டுவிட்டார். படம் ஒளிபரப்பானதும் நாடு முழுக்க இருந்த பிள்ளைகள், கோட்டில் வரைந்த ஒரு பையனுக்கு, தபால்தலை ஒட்டி வாழ்த்து அட்டை அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். தப்பு யாருடையது என்று அவர்கள் விசாரித்துக்கொண்டிருக்கவில்லை. அப்பாவும் நானும் சண்டை போடாமல் பேசக்கூடிய பீநட்ஸ் கதை அது ஒன்றுதான்.