புகை குடித்த மண்

ஸ்ரீ கெம்பாங்கான் என்றால் பலருக்கும் மைன்ஸ் பேரங்காடியும் அந்த ஏரியும்தான் நினைவுக்கு வரும். ஒரு காலத்தில் உலகிலேயே பெரியது என்று பேர்பெற்ற ஈயலம்பத்தின் பள்ளம்தான் இன்று ஏரியாகிவிட்டது. மண்ணைத் தோண்டிப் பிழைத்த அந்த வட்டாரத்தில், ஒரு கடைவீட்டின் பின்சந்தில் ராக்கு மண்பாண்ட வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டு, ஒரு சனிக்கிழமை போனேன். காலை முழுக்க வானொலியில் பேசுகிற எனக்கு, வாயை மூடிக்கொண்டு செய்யும் வேலை ஏதாவது வேண்டியிருந்தது!

ராக்கு பிறந்தது ஜப்பானில். 16ஆம் நூற்றாண்டில் கியோத்தோவில் சோஜிரோ என்பவர், தேநீர்க் குரு சென் நோ ரிக்யூவுக்காகக் கையாலேயே பிடித்த கிண்ணங்கள் அவை. சாதாரணச் சூளையைச் சூடு ஆறும்வரை திறக்கமாட்டார்கள். ராக்குவிலோ தணலாக இருக்கும்போதே இடுக்கியால் வெளியே எடுத்துவிடுவார்கள். ஜப்பானியர் அதை அப்படியே ஆறவிட்டார்கள். 1960 வாக்கில் அமெரிக்கக் குயவர் பால் சோல்ட்னர், சுடச்சுட எடுத்ததை இலைதழைக்குள் போட்டுப் பார்த்தார். இன்று பல நாடுகளில் ராக்கு என்று கற்றுத்தருவது இந்தப் புகை வழியைத்தான்.

பின்சந்திலும் அதுவே நடந்தது. எண்ணெய்ப் பீப்பாயில் செய்த எரிவாயுச் சூளை, ஏறக்குறைய 1000 டிகிரி. ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்த கிண்ணத்தை மரத்தூள் நிறைந்த தகர டின்னில் போட்டு மூடினார்கள். உள்ளே காற்று தீர்ந்ததும், பூச்சில் கலந்திருக்கும் செப்பு ஆக்சைடிலிருந்தே ஆக்சிஜன் பறிபோகிறது. அதனால்தான் பளபளவென்று செம்பு நிறம். பூச்சு இல்லாத இடத்தில் கரி மண்ணுக்குள்ளேயே இறங்கிக் கறுப்பாகிவிடுகிறது. பக்கத்தில் நின்ற பெண்ணின் கிண்ணம் 'டிங்' என்று இரண்டாகப் பிளந்தது. சுட்ட மண்ணைப் பொடித்துக் கலந்தால் சூட்டு அதிர்ச்சியை மண் ஓரளவு தாங்கும். ஆனாலும் சில உடையத்தான் செய்யும்.

“புகையைப் பார்க்க வேண்டுமா? சாயோங் போங்கள்” என்றார் சீனப் பயிற்றுநர். அடுத்த வாரமே வண்டியை எடுத்தேன். கோலகங்சாருக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம். பேராக் ஆற்றின் அக்கரையில் இருக்கிறது கம்போங் சாயோங். சுரைக்காய் வடிவத்தில் இருக்கும் லாபு சாயோங் தண்ணீர்க் குடுவை இந்த ஊருடையது. வழிவழியாகப் பெண்கள் வளர்த்த தொழில் இது. கறுப்பு நிறத்துக்குச் சாயம் கிடையாது. சூட்டோடு எடுத்து நெல் உமியில் புதைக்கிறார்கள், அவ்வளவுதான். “அடிக், மினும்” என்று ஒரு மக்சிக் அந்தக் குடுவையிலிருந்து ஊற்றிக்கொடுத்த தண்ணீர், குளிர்பெட்டி இல்லாமலே சில்லென்று இருந்தது. மண்ணின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது குடுவையும் குளிர்கிறது.

குடிக்கும்போது கீழடிதான் நினைவுக்கு வந்தது. அங்கும் ஆதிச்சநல்லூரிலும் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானைகள் உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. கவிழ்த்துவைத்துச் சுட்டதால் உள்ளே காற்று புகாமல் கறுத்தவை என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஜப்பானியப் பெயரில் நான் காசு கட்டிப் பார்த்த வித்தை, நம் பாட்டன் பூட்டன் கையில் இருந்ததுதான்!

இங்கேயும் அந்தக் கை இருக்கிறது. சிலாங்கூரில், கோலசிலாங்கூர் பக்கம் கம்போங் குவாந்தானில் நம் தமிழ்க் குயவர்கள் பொங்கல் பானையும் தீபாவளி அகலும் செய்கிறார்கள். ராக்கு வகுப்புக்கு நூறு வெள்ளிக்குமேல் வாய்திறக்காமல் கொடுக்கிற நாம், பிரிக்பீல்ட்ஸ் கடையில் பொங்கல் பானைக்கு இரண்டு வெள்ளி குறைக்கச் சொல்லி நிற்கிறோம். இத்தனைக்கும் ராக்குக் கிண்ணம் நீர் கசியும், சாப்பிட உதவாது, அலமாரியில்தான் வைக்கலாம். பொங்கல் பானை அடுப்பில் ஏறும்.

கம்போங் குவாந்தானுக்குப் பிள்ளைகளோடு மின்மினி பார்க்கப் போகாத குடும்பம் குறைவு. படகு இருட்டிய பிறகுதான் கிளம்பும். பிற்பகலிலேயே போய்ச் சேர்ந்தால் குயவர்கள் சக்கரத்தில் வேலை செய்வதைப் பார்த்துவிட்டு, தைக்கு ஒரு பானையும் வாங்கிக்கொண்டு படகுத்துறைக்குப் போகலாம்.