சீட்டுக் குலுக்கி வைத்தியமா?

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. சென்னைக்கு ரயிலில் போக வேண்டுமென்றால் பஸ் பிடித்து அரியலூர் வரவேண்டும். அப்படி வந்த ஒருவரை அரியலூர் ஸ்டேஷன் பெஞ்சில் சந்தித்தேன். சின்ன வெங்காயம் போடுகிற விவசாயி. பக்கத்தில் தொப்பி போட்ட ஆறு வயசுப் பையன். ரத்தப் புற்றுநோய்.

நான் பத்திரிகைக்காரன் என்று தெரிந்ததும் மடித்து வைத்திருந்த தாளை நீட்டினார். ''ரெண்டு வைத்தியம் இருக்காம் சார். என் புள்ளைக்கு எதுன்னு கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிப் போடுமாம். கையெழுத்து கேக்குறாங்க. எது நல்லதுன்னு டாக்டருக்கே தெரியாதா சார்?''

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? நான் பி.காம். டெபிட், கிரெடிட் தெரியும், கீமோதெரபி தெரியாது. ''டாக்டரையே நல்லா கேளுங்க'' என்று நழுவிவிட்டேன். அது உறுத்தியது. வீட்டுக்கு வந்ததும் தேடிப் படித்தேன்.

1948-ல் பாஸ்டன் டாக்டர் சிட்னி ஃபார்பர், 16 குழந்தைகளுக்கு ஒரு புது மருந்தைக் கொடுத்துப் பார்த்ததை எழுதினார். 10 பேருக்கு நோய் பின்வாங்கியது, கொஞ்ச காலம்தான். அந்த மருந்துக்குப் பின்னால் இருந்தவர், நம்ம சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லப்பிரகடா சுப்பாராவ்! பிறகு வந்த வின்கிறிஸ்டின், நம் ஊர்ச் சாலையோரம் பூக்கிற நித்தியகல்யாணியிலிருந்து எடுத்தது. எந்த மருந்தை எதோடு சேர்ப்பது, எத்தனை நாள் கொடுப்பது என்பதெல்லாம் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத்தான் தெரிந்தது.

இந்தியாவில் 1970-களில் பெரிய மருத்துவமனைகளில்கூட இந்த நோயில் பிழைத்தவர்கள் குறைவு. 1984-லிருந்து மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ், நம்ம அடையாறு மூன்றும் எம்.சி.பி. 841 என்ற ஒரே முறையை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தன. நாலு வருஷம் கழித்து நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள், மையத்தைப் பொறுத்து 45 முதல் 60 சதவீதம். 2016-ல் தொடங்கிய இன்னொரு ஆய்வு, ஸ்டீராய்டு மாத்திரையை நாள் குறைத்துக் கொடுத்தால் பக்கவிளைவு குறையுமா என்று பார்ப்பதற்கானது. சீட்டுக் குலுக்கித்தான்!

ஏன் குலுக்கல்? எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். டாக்டரே ஆளைப் பார்த்துப் பிரித்தால், தெம்பான பிள்ளைகள் ஒரு பக்கம் போய்விடலாம். அப்புறம் ஜெயித்தது மருந்தா, தெம்பா? ஐந்தொகை டேலி ஆகும், கணக்கு பொய்யாகிவிடும்.

அந்தப் பெஞ்சில் அவரை மறுபடி பார்த்தால் இதைச் சொல்வேன்:

''ஆமாங்க, ரெண்டுல எது மேல்னு டாக்டருக்குத் தெரியாது. தெரியாதுன்னு ஒத்துக்கிறதாலதான் கையெழுத்து கேக்குறார். போடமாட்டேன்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. வழக்கமான வைத்தியம் கிடைக்கும். ஆனா, அந்த வழக்கமான வைத்தியமே முன்னாடி யாரோ ஒரு அப்பா போட்ட கையெழுத்துல வந்ததுதான். எதுவானாலும், புள்ள ஓடியாடுறானேன்னு பாதியில நிறுத்திடாதீங்க. ரெண்டு, ரெண்டரை வருஷம் ஆகும். அரியலூருக்கு பஸ் பிடிச்சுக்கிட்டே இருங்க.''