சட்டையில் இருக்கும் பெயர்



ஞாயிறு திருப்பலி முடிந்து தேநீருக்காக நிற்கும்போது நம்மவர் பேச்சு பெரும்பாலும் மூன்று பொருள்களையே சுற்றி வருகிறது: கிரிக்கெட், திரைப்படம், தொழில். அன்றைய மறையுரையைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. அந்த மூன்றும் ஒரே இடத்தில் சந்திக்கும் ஒரு கதையை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

2017ஆம் ஆண்டு இங்கிலாந்தில் சாம்பியன்ஸ் கோப்பைப் போட்டிகள் நடைபெற்றன. கேன் வில்லியம்சன் தலைமையில் சென்ற நம் நியூசிலாந்து அணிக்கு அப்போது விளம்பர ஆதரவு அளித்த நிறுவனம் எது தெரியுமா? குஜராத்தின் அமுல்! கார்டிஃபில் வங்காளதேசத்திடம் தோற்று அணி முதல் சுற்றிலேயே வெளியேறியது என்பது வேறு செய்தி. பாலுக்குப் பெயர்பெற்ற நாட்டின் வீரர்களுக்கு இந்தியக் கிராமத்துப் பால் உற்பத்தியாளர்கள் ஆதரவளித்தார்கள் என்பதே என்னைப் புன்னகைக்க வைத்தது.

அதற்குப் பின்னால் ஒரு பழைய உறவும் உண்டு. அமுலை வளர்த்தெடுத்த வர்கீஸ் குரியன் கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியில் இயேசு சபையினரிடம் பயின்றவர். 1950களின் தொடக்கத்தில் கூட்டுறவுப் பால் தொழிலைக் கற்றுக்கொள்ள இதே நியூசிலாந்துக்கு வந்துசென்றவர். கற்றுச் சென்ற மாணவரின் நிறுவனம், பல பத்தாண்டுகள் கழித்துக் கற்பித்த நாட்டுக்குத் தட்சணை வைத்ததுபோல் எனக்குத் தோன்றியது.

திரைப்படத்துக்கு வருகிறேன். 1976இல் ஷியாம் பெனகல் இயக்கிய ‘மந்தன்’ உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கலாம். அதற்குப் பணம் போட்டவர் எந்தச் செல்வந்தரும் அல்லர். குஜராத்தின் 5 லட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள். படம் வெளியானபோது தாங்கள் எடுத்த படத்தைத் தாங்களே பார்க்க வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். கிராமத்துக்கு வந்து கூட்டுறவுச் சங்கம் தொடங்கும் கால்நடை மருத்துவராக கிரீஷ் கர்னாட் நடித்தார். கதையின் முடிவில் அந்த மருத்துவர் ஊரை விட்டுப் போய்விடுகிறார். சங்கமோ ஊராரின் கையில் தொடர்கிறது. தாம் போன பின்னும் நிற்கும்படி ஒன்றைக் கட்டுவது எவ்வளவு கடினம் என்பது பங்குத்தந்தை ஒருவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் வீரர்களுக்கு அளித்த ஆதரவோ, விருது பெற்ற திரைப்படமோ அமுலின் பெருமை அல்ல. கிராமத்துப் பால் சேகரிப்பு நிலையமே அதன் பெருமை. ஒரு குவளைப் பால் கொண்டுவந்தவரும் பத்துக் குவளை கொண்டுவந்தவரும், எந்தச் சாதியினராயினும், ஒரே வரிசையில் நிற்க வேண்டும். பாலின் அளவையும் கொழுப்பையும் பார்த்து விலை. ஆளைப் பார்த்து அல்ல. 1946இல் அந்தச் சங்கம் பிறந்ததே இடைத்தரகர்கள் நியாயமான விலை தராததால்தான். நேர்மை அங்கே இலாபத்தில் மிஞ்சியதிலிருந்து அளிக்கும் நன்கொடையாக இல்லை. ஒவ்வொரு நாளும் அளந்து கொடுக்கும் விலையிலேயே இருந்தது.

இந்நாட்டில் மூலைக்கடைக்கே ‘டெய்ரி’ என்று பெயர். அத்தகைய கடைகளையும் உணவகங்களையும் துப்புரவு நிறுவனங்களையும் நம்மவர் பலர் கடும் உழைப்பால் எழுப்பியிருக்கிறார்கள். திருவிழாவுக்கு அன்னதானம், பாரி கர்டிஸ் பூங்காவில் மட்டையும் பந்துமாக ஓடும் பிள்ளைகளுக்குச் சட்டை என்று தாராளமாகக் கொடுக்கிறார்கள். கொடுக்கும் கைகளை இறைவன் ஆசீர்வதிப்பாராக. எனினும் அந்தச் சட்டையில் பெயர் பொறிப்பவர்களிடம் நான் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: உங்கள் கடையில் நிற்கும் இளைஞருக்கு முழுக் கூலி கிடைக்கிறதா?

ஏன் கேட்கிறேன் என்றால், ஒப்புரவுக் கூண்டில் அல்ல, தேநீர் மேசையிலேயே அருள்பணியாளர்கள் கேட்கும் கதைகள் உண்டு. வங்கிக் கணக்கில் முழுச் சம்பளம் ஏறுகிறது. வாரக் கடைசியில் ஒரு பகுதி ரொக்கமாகத் திரும்பக் கேட்கப்படுகிறது. விசாவுக்கென்று ஊரில் நிலத்தை அடகு வைத்துப் பணம் கொடுத்தவர் இங்கே வாய்திறக்க அஞ்சுகிறார். கேட்பவரும் கொடுப்பவரும் ஒரே மொழி பேசுபவர்கள். சிலவேளை ஒரே பீடத்தின் முன் முழங்காலிடுபவர்கள்.

கூலியைப் பிடித்துவைப்பது விண்ணை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்களில் ஒன்று என்று சிறுவயதில் மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்தோம். திருத்தூதர் யாக்கோபின் மடலும் அதையே எச்சரிக்கிறது. 1891இல் திருத்தந்தை 13ஆம் லியோ தொழிலாளரைக் குறித்துச் சுற்றுமடல் எழுதியபோது, நியாயமான கூலி இரக்கத்தால் தருவதன்று, நீதியால் தரவேண்டியது என்று தெளிவுபடுத்தினார். இன்றைய திருத்தந்தை 14ஆம் லியோ அந்தப் பெயரைத் தேர்ந்துகொண்டதற்கு அந்த மடலும் ஒரு காரணம்.

முதலாளிகளாக இருக்கும் என் சகோதர சகோதரிகளே, உங்கள் நெருக்கடியை நான் அறியாதவன் அல்லேன். வாடகை ஏறுகிறது, வட்டி நெரிக்கிறது. அந்தச் சுமையை எல்லாரிலும் வலுக்குறைந்தவரின் தோளில் இறக்கி வைக்காதீர்கள். இவ்வாண்டு நன்கொடை குறைந்தால் குறையட்டும். திருவிழா எளிமையாக நடக்கும். கூலி குறைய வேண்டாம்.

தொழிலாளராக இருக்கும் பிள்ளைகளே, வேலை தருவதற்காக உங்களிடம் பணம் வாங்குவதை இந்நாட்டுச் சட்டம் தடைசெய்கிறது. முதலாளியின் சுரண்டலைப் புகார் செய்தவர்கள் அவ்வேலையை விட்டு வேறு வேலை தேடுவதற்கென்று 2021 முதல் தனி விசாவே இருக்கிறது. அஞ்சாதீர்கள். பங்கு இல்லத்தின் கதவைத் தட்டுங்கள்; தேநீரோடு உட்கார்ந்து, அடுத்து யாரிடம் போகலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.

இறைவன் உங்கள் இல்லங்களையும், உங்கள் கைகளின் உழைப்பையும் ஆசீர்வதிப்பாராக.

செபத்துடன்,
உங்கள் பங்குத்தந்தை
பிளாட் புஷ், ஆக்லாந்து