கை வைக்கும் முன் கண் வை!



சதுரங்கம் என்றாலே "அது மூளைக்காரங்க விளையாட்டு" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் பள்ளியில் மதிய இடைவேளையில் தோற்பவர்களைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் மூளை இல்லாமல் தோற்பதில்லை. ஒரு நொடி பார்க்காமல் காயைத் தொட்டுவிடுவதால்தான் தோற்கிறார்கள். தொட்ட காயைத்தான் ஆட வேண்டும் என்பது போட்டி விதி. தொட்ட பிறகு "ஐயோ!" என்றால் யார் கேட்பார்கள்?

என் தோழி ஒருத்தி போன போட்டியில் ஒரு யானை அதிகமாக வைத்திருந்தாள். ஜெயிக்க வேண்டிய ஆட்டம். அவசரத்தில் ராணியைக் கொண்டுபோய் குதிரை வாயில் வைத்துவிட்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில், "இதெல்லாம் டவுன் பிள்ளைங்களுக்குத்தான்டி வரும், நமக்கு வராது" என்றாள். அதற்குப் பிறகு போர்டு பக்கமே வருவதில்லை. அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவளைப் போலத் தவறியவர்கள் யார் யார் தெரியுமா?

2006-ல் ஜெர்மனியில் உள்ள பான் நகரில் உலக சாம்பியன் கிராம்னிக் கம்ப்யூட்டரோடு மோதினார். எதிரி ஒரே நகர்த்தலில் செக்மேட் வைக்கப் போவதை அவர் கவனிக்கவே இல்லை!

2014-ல் ரஷ்யாவின் சோச்சி நகரில் நம் விஸ்வநாதன் ஆனந்தும் நார்வே நாட்டு கார்ல்சனும் உலகப் பட்டத்துக்காக ஆடினார்கள். 6-வது ஆட்டத்தில் கார்ல்சன் ராஜாவைத் தப்பான கட்டத்தில் வைத்தார். ஆனந்த் குதிரையால் இ5 சிப்பாயை வெட்டியிருந்தால் ஆட்டம் அவர் பக்கம் திரும்பியிருக்கும். அவரோ தன் திட்டப்படி ஓரத்துச் சிப்பாயை நகர்த்தினார். கடைசியில் கார்ல்சன் ஜெயித்தார். இவ்வளவு பெரிய ஆட்டக்காரர் தப்பு செய்ய மாட்டார் என்று நினைத்தால், தப்பு கண்ணெதிரே இருந்தாலும் தெரியாது.

2022-ல் மாமல்லபுரத்தில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. வேட்டி கட்டிய 'தம்பி' குதிரை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதில் சென்னை குகேஷ் முதல் 8 ஆட்டங்களையும் வரிசையாக ஜெயித்தார். 10-வது சுற்றில் உஸ்பெகிஸ்தான் வீரர் அப்துசத்தோரோவிடமும் ஜெயிக்கிற நிலையில் இருந்தார். ஒரு தப்பான நகர்த்தலில் குதிரையை விட்டார். ஆட்டமே போனது. தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போனது. குகேஷ் ஆடிய அணிக்கு வெண்கலம். அப்போது அவருக்கு வயது 16.

அவர் "நமக்கு வராது" என்று போர்டை மூடி வைக்கவில்லை. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகப் பட்டத்தின் 14-வது, கடைசி ஆட்டம். இருவருக்கும் சமமான புள்ளிகள். சீன வீரர் டிங் லிரென் 55-வது நகர்த்தலில் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்தார். அவருடைய பிஷப் மூலையில் மாட்டியிருந்தது. யானைகளையும் பிஷப்புகளையும் வெட்டிக்கொண்டால் மிச்சம் இருக்கும் சிப்பாய்களை வைத்தே ஜெயித்துவிடலாம். முதலில் தானும் அதைக் கவனிக்கவில்லை, வேறு நகர்த்தலை ஆட இருந்ததாக குகேஷ் பிறகு சொன்னார். ஆனால் கையை நீட்டும் முன் இன்னொரு முறை பார்த்தார். 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். அந்த இன்னொரு முறை பார்ப்பதுதான் விஷயம்.

எங்கள் மாமா லாரி ஓட்டுகிறார். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கிளீனர் இறங்கி நின்று, "வரலாம், வரலாம்" என்று தட்டினால்தான் எடுப்பார். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் அப்படித்தான். போர்டில் நமக்கு நாமே கிளீனராக இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் இந்த மூன்றையும் கேளுங்கள்:

1. எதிராளி அந்தக் காயை ஏன் நகர்த்தினார்? அதனால் எந்தக் கட்டம் காவல் இழந்தது?

2. நான் இதை ஆடினால் அவர் என்ன செக் வைப்பார், எதை வெட்டுவார்?

3. நான் வைக்கப் போகும் கட்டத்தில் என் காய்க்குக் காவல் உண்டா?

நம் பாட்டிமார்கள் ஆடுபுலி ஆட்டத்தில் இதைத்தான் செய்கிறார்கள். புலிக்குப் பக்கத்தில் ஆட்டை வைக்கும் முன், அதற்குப் பின்னால் உள்ள இடம் காலியா என்று பார்ப்பார்கள். காலியாக இருந்தால் புலி தாண்டிக் குதித்து ஆட்டை எடுத்துவிடும்.

ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகளுக்கு ஒரு உதாரணம். இருவரும் ராஜா முன்னால் உள்ள சிப்பாயை இரண்டு கட்டம் வைக்கிறீர்கள். வெள்ளை உடனே ராணியை எச்5-க்குக் கொண்டு வருகிறது. பயந்துபோய் ஜி6 சிப்பாயால் ராணியை விரட்டினால் என்ன ஆகும்? ராணி இ5 சிப்பாயை வெட்டி ராஜாவுக்குச் செக் வைக்கும். அதே நேரத்தில் மூலையில் உள்ள யானையையும் குறி வைக்கும். யானை அம்போ! முதலில் குதிரையை சி6-ல் வைத்து இ5 சிப்பாய்க்குக் காவல் போடுங்கள். பிறகு வெள்ளை பிஷப்பை சி4-க்குக் கொண்டு வந்தால், அப்போது ஜி6 ஆடி ராணியை விரட்டுங்கள். அதே நகர்த்தல்தான், வரிசை மாறினால் பலன் மாறுகிறது.

எண்ணிப் பார்த்த பிறகே காரியத்தில் இறங்கச் சொன்னார் வள்ளுவர். "பதறாத காரியம் சிதறாது" என்பது நம் ஊர்ப் பழமொழி. இரண்டும் டவுனுக்கு மட்டும் சொன்னவை அல்ல.

தோழி, இதைப் படித்தால் நாளை மதியம் வேப்பமரத்தடிக்கு வா. வெள்ளைக் காய் உனக்கு!



ஒன்பதாம் வகுப்பு மாணவி