கம்பியில்லாத் தொலைபேசியும் பத்துக் காசும்

பள்ளி ஆண்டு மலருக்குப் பழைய மாணவர்கள் என்ற முறையில் ஏதேனும் எழுதித் தரவேண்டும் என்று ஆசிரியர் பெருமக்கள் கேட்டுக்கொண்டார்கள். அறிவியல் சாதனம் ஒன்றைப் பற்றி எழுதினால் மாணவர்களுக்குப் பயன்படும் என்றும் கூறினார்கள். கணவனும் மனைவியுமாகிய நாங்கள் இருவரும் அறிவியல் கற்றவர்கள் அல்லோம். ஆயினும், அறிவியல் சாதனம் ஒன்று எங்கள் வீட்டில் மூன்றாண்டுக் காலம் குடியிருந்தது. எங்களைப் பெருமைகொள்ளவும் செய்தது; வெட்கித் தலைகுனியவும் வைத்தது. அதனைப் பற்றியே எழுதுகின்றோம்.

தைப்பிங் நகருக்கும் செய்திக் கம்பிக்கும் நெடுநாளைய உறவு உண்டு. 1870-களிலேயே தைப்பிங்கையும் கோலகங்சாரையும் தந்திக்கம்பி இணைத்தது என்றும், இந்நாட்டின் முதல் தந்திக்கம்பி அதுவே என்றும் நூல்கள் கூறும். நாட்டின் முதல் இருப்புப்பாதையும் 1885-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் இந்நகரிலிருந்தே போர்ட் வெல்டுக்குத் திறக்கப்பட்டது. அவ்வூர் இன்று கோலசெப்பத்தாங் எனப்படுகிறது. இத்துணைப் பெருமை வாய்ந்த நகரிலிருந்து பதினைந்து மைல் தொலைவில், துரோங் செல்லும் பக்கமாக அமைந்திருந்தது நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டம். அந்தத் தந்திக்கம்பி வந்து நூறாண்டு கடந்த பின்னரும் எங்கள் தோட்டத்தில் இருந்தவை இரண்டே தொலைபேசிகள். ஒன்று அலுவலகத்தில், கிராணியாரின் மேசைமீது. மற்றொன்று துரை பங்களாவில். லயத்து மக்களுக்கு அவசரம் நேர்ந்தால் கிராணியாரிடம் சென்று கைகட்டி நிற்கவேண்டும். அவர் நல்லவர்; ஒருபோதும் மறுத்ததில்லை. ஆனால் மாலை நான்கு மணிக்கு மேல் அலுவலகம் பூட்டிக் கிடக்கும்.

1988-ஆம் ஆண்டு எங்கள் தாயார் மறைந்தார்கள். அப்பொழுது நாங்கள் தைப்பிங்கில் வீடெடுத்துக் குடியேறியிருந்தோம். அரசின் தொலைத்தொடர்பு இலாகா 1987-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நிறுவனமாக மாறியிருந்த காலம் அது. எங்கள் வீட்டிலும் தொலைபேசி இருந்தது. காலை பதினொரு மணிக்குத் தாயாரின் நிலை மோசமானது. கிராணியார் எங்கள் வீட்டை அழைத்தார். மீண்டும் மீண்டும் அழைத்தார். வீட்டில் யார் இருந்தார்கள் எடுப்பதற்கு? நாங்கள் இருவரும் வேலைக்குச் சென்றிருந்தோம், பிள்ளைகள் பள்ளியில். வேலையிடத்துத் தொலைபேசியோ முதலாளிக்கு உரியது. அதன் எண்ணை நாங்கள் யாருக்கும் கொடுக்கவில்லை. அந்திவேளையில் ஓர் இளைஞர் மழையில் நனைந்தபடி மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நின்றார். நாங்கள் சென்று தாயாரின் முகத்தைப் பார்த்தோம். பிற்பகல் வரை எங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்ததாகப் பக்கத்து வீட்டார் சொன்னார்கள்.

அதன் பின்னர் ஆளில்லா வீட்டில் தொலைபேசி மணி அடிப்பதை நினைத்தாலே எங்களுக்கு நெஞ்சு பதைக்கும். ஆகவே, ஆளில்லாதபொழுது தானே பதிலளித்து, சொல்வதை ஒலிநாடாவில் பதிந்துவைக்கும் கருவி ஒன்று கடைக்கு வந்துள்ளது என்று கேள்வியுற்றதும், 1991-ஆம் ஆண்டு தீபாவளிக்குப் புதுத்துணி எடுப்பதைக் குறைத்துக்கொண்டு அதனை வாங்கினோம். அது கம்பியில்லாத் தொலைபேசியும் ஆகும். இரண்டு வேலைக்கு ஒரே பெட்டி.

மாணவச் செல்வங்களே, அது வேலைசெய்யும் விதத்தைச் சற்றே கூறுகின்றோம். அடிப்பெட்டி ஒன்று, அதன்மேல் படுத்திருக்கும் கைக்கருவி ஒன்று. தொலைபேசிக் கம்பி அடிப்பெட்டியோடு நின்றுவிடும். அங்கிருந்து கைக்கருவிக்குப் பேச்சு வானொலி அலையாகச் செல்லும். அஃதாவது, அடிப்பெட்டி என்பது நம் வீட்டுக்கு மட்டும் ஒலிபரப்பும் சின்னஞ்சிறு வானொலி நிலையம். கைக்கருவியும் தன் பங்குக்குத் திருப்பி ஒலிபரப்பும். கைக்கருவிக்குள் மின்கலம் இருக்கும். முதன்முதலில் பன்னிரண்டு மணி நேரம் அதனை மின்னேற்றம் செய்தபின்னரே பயன்படுத்த வேண்டும் என்று கையேட்டில் எழுதியிருந்தது. எங்கள் மகனுக்குப் பன்னிரண்டு நிமிடம் பொறுக்கவும் மனமில்லை. மறுநாள் காலை அவன் அதனைக் கொல்லைப்புறத்துக் கொய்யாமரத்தடிக்கு எடுத்துச் சென்று, "இங்கேயும் கேட்குது!" என்று கூவினான். வேலியைத் தாண்டியதும் இரைச்சல் மிகுந்தது. சில நாள்களில் அண்டை வீட்டார் ஒருவரின் பேச்சும் இடையிடையே கலந்து கேட்டது. அவர்கள் வீட்டிலும் அதே வகைக் கருவி போலும்! அவர்கள் குடும்ப விவகாரம் நமக்கெதற்கு என்று, அலைவரிசை மாற்றும் பொத்தானை அழுத்திவிடுவோம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பழைய கறுப்புத் தொலைபேசிக்கு வீட்டு மின்சாரம் தேவையில்லை. தொலைபேசி நிலையத்திலுள்ள பெரிய மின்கலங்கள் கம்பி வழியாகவே 48 வோல்ட் மின்னழுத்தம் அனுப்பும். அதனால் வீடு இருளில் மூழ்கினாலும் அது பேசும். கம்பியில்லாத் தொலைபேசியின் அடிப்பெட்டிக்கோ வீட்டு மின்சாரம் வேண்டும். அது போனால் இதுவும் ஊமை. எனவே பழையதை எறிந்துவிடாமல் படிக்கட்டின் கீழ் வைத்திருந்தோம். வாங்குவோருக்குக் கடைக்காரர் இதனைச் சொல்வதில்லை.

குரலைப் பதியும் கருவி புதியதன்று. டென்மார்க்கு நாட்டு வால்டமார் பவுல்சன் என்பார் 1898-ஆம் ஆண்டிலேயே எஃகுக் கம்பியில் காந்த முறையால் குரலைப் பதியும் பொறியைக் கண்டார். தொலைபேசியில் அழைப்போர் சொல்வதை, ஆளில்லாதபொழுது பதிந்துவைக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். 1900-ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் அதனை வைத்தபொழுது, ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் அதனிடம் பேசினார். அக்குரல் இன்றும் அழியாமல் இருக்கின்றது. பேரரசர் ஒருவர் பொறியிடம் பேசத் தயங்கவில்லை. எங்கள் தந்தையார் தயங்கினார். அதுதான் எங்கள் கதை.

கருவியில் முதலில் நம் குரலைப் பதிய வேண்டும். நான்கு முறை மணியடித்ததும் அக்குரல் ஒலிக்கும். பின்னர் 'பீப்' என்னும் ஓசை. அதன்பின் அழைத்தவர் பேசலாம். என்ன சொல்லிப் பதிவது? கையேட்டில் ஆங்கிலத்தில் மாதிரி வாசகம் ஒன்று அச்சிட்டிருந்தது. அதனை அப்படியே எழுதியெடுத்து, இரண்டு இரவு ஒத்திகை பார்த்து, மூன்றாம் இரவு பதிந்தோம். உச்சரிப்பு எப்படி, உச்சரிப்பு எப்படி என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். கேட்பதற்கு வானொலிச் செய்தி போல் இருந்தது. உற்றார் உறவினரிடம், "எங்களுக்கு அழைத்துப் பாருங்கள்" என்று சொல்லியும் வைத்தோம்.

தந்தையார் அப்பொழுதும் தோட்டத்திலேயே இருந்தார். வந்து எங்களோடு இரும் என்றால், "மரத்தை விட்டுட்டு எங்க வர்றது?" என்பார். அவருக்காகவே எங்கள் மகள், தொலைபேசி எண்ணைச் சிகரெட் அட்டையில் பெரிய பெரிய எழுத்தாக எழுதிக் கொடுத்திருந்தாள். அதனை அவர் சட்டைப்பையில் வைத்திருப்பார். சாலைச் சந்திப்பில் மளிகைக் கடையோரம் பொதுத் தொலைபேசி வந்திருந்தது. லயத்திலிருந்து இரண்டு மைல், சைக்கிளில் போகவேண்டும். பத்துக் காசு போட்டால் பேசலாம். மறுமுனையில் எடுத்தவுடன் காசு உள்ளே விழுந்துவிடும்.

கருவி வந்த சில வாரங்களில் விந்தையான ஒன்றைக் கவனித்தோம். மாலையில் வீடு திரும்பி நாடாவை ஓடவிட்டால், சில நாள்களில் பேச்சே இராது. மூச்சுச் சத்தம் கேட்கும். லாரி ஒன்று கடந்துபோகும். ஒருநாள் தகரக் கூரையில் மழை கொட்டும் ஓசை மட்டும் நெடுநேரம் கேட்டது. பிறகு 'டக்' என்று வைத்துவிடுவார்கள். இவ்வாறு ஏழெட்டு முறை. வீட்டில் ஆளில்லை என்பதை அறியத் திருடர்கள் வேவு பார்க்கின்றார்களோ என்று எங்களுக்கு ஐயம் தோன்றியது. வாசற்கதவுக்குப் புதுப்பூட்டு வாங்கிப் போட்டோம். ஒவ்வொரு முறையும் அந்தப் பேசாத பேச்சை அழித்துவிட்டு நாடாவைத் தொடக்கத்துக்குச் சுற்றிவைத்தோம்.

ஒரு மாதம் கழித்து ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குச் சென்றோம். தந்தையார் பால்மரம் வெட்டவில்லை என்றும், புல்வெட்டுக்கு மாற்றப்பட்டுள்ளார் என்றும் பக்கத்து வீட்டு அத்தை சொன்னார். கண்ணில் புரை விழுந்திருந்தது. விடியுமுன் தலைவிளக்கு வெளிச்சத்தில் பட்டையைச் சீவுகின்ற வேலை அது. கத்தி ஒரு நூல் ஆழம் கூடினாலும் மரத்துக்குக் காயம். நாற்பதாண்டு வெட்டிய கை தவறத் தொடங்கியது, மண்டோர் பார்த்துவிட்டார். கண் அறுவைக்கு மருத்துவமனையில் நாளும் குறித்துக் கொடுத்திருந்தார்கள். துணைக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். தந்தையார் பேருந்தேறித் தனியே போயிருக்கிறார். துணையாள் இல்லாமையால் வேறு நாள் குறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"ஏன் எங்களிடம் சொல்லவில்லை?" என்று கோபமாகவே கேட்டோம்.

"போன் போட்டேனே. எட்டுத் தடவ போட்டேன்" என்றார் தந்தையார். சட்டைப்பையிலிருந்து அந்த அட்டையை எடுத்துக் காட்டினார். மழையில் நனைந்து எண்கள் மங்கியிருந்தன. "போட்டாப் போட்டா தொரை வீட்டுக்கே போவுது. தொரை இங்கிலீசுல பேசுறாரு. நான் என்னத்தச் சொல்றது? துண்ட எறக்கி அக்குள்ல வெச்சிக்கிட்டு நின்னேன். அவரு பேசி முடிக்கட்டும்னு பாத்தேன். அப்புறம் கூவுன மாதிரி ஒரு சத்தம். வெச்சிட்டேன்."

பிள்ளைகள் சிரித்தார்கள். நாங்கள் சிரிக்கவில்லை. துரையின் கார் வந்தால் சைக்கிளை விட்டிறங்கி ஓரமாக நின்று பழகிய தலைமுறை அவருடையது. யாருமற்ற சாலையோரத்தில், மழையில், தன் மகனின் குரலுக்கு முன்னே தோள்துண்டை இறக்கிக்கொண்டு அவர் நின்றிருக்கிறார், எட்டு முறை. எண்பது காசு என்பது அன்றைக்கு அவருக்குச் சிறு தொகையும் அன்று.

அன்றிரவு வீடு திரும்பியதும் முதல் வேலையாக ஆங்கில வாசகத்தை அழித்தோம். யார் பேசிப் பதிவது என்ற பேச்சு எழுந்தது. மூன்றாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்த மகள், "தாத்தாவுக்கு நான் சொல்றேன்" என்று முன்வந்தாள். ஒத்திகை ஏதுமில்லை. "தாத்தா, நாங்க யாரும் வீட்டுல இல்ல. பீப்புன்னு சத்தம் வரும், பயப்படாதீங்க. அது வந்தவொடன பேசுங்க. நாங்க ராத்திரிக்குக் கேப்போம்." அவ்வளவே. எங்கள் வீட்டை அழைத்த மற்றவர்கள், வங்கிக்காரரும் காப்புறுதிக்காரரும்கூட, அதன் பின்னர் 'தாத்தா' என்றே வரவேற்கப்பட்டார்கள். ஒருவரும் குறை சொல்லவில்லை. சீனர் ஒருவர் மட்டும் சிரித்துக்கொண்டே மலாயில் தம் செய்தியைச் சொல்லிவிட்டு வைத்தார்.

அடுத்த வாரம் புதன்கிழமை மாலை நாடாவை ஓடவிட்டோம். முதலில் மூச்சுச் சத்தம். பின்னர்: "ஆயி... தாத்தா பேசுறேன். சாப்பிட்டியா? பதினாலாந் தேதி ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிட்டாங்க. ஒங்கப்பன்கிட்ட சொல்லு. வெண்டிக்கா காச்சிருக்கு, கொண்டாறேன். இங்க மழ." அதற்குமேல் என்ன சொல்வது என்று தெரியாமல் சற்று நேரம் நின்றிருக்கிறார். மழை கேட்டது.

பதினான்காம் தேதி நாங்கள் இருவருமே விடுப்பெடுத்துச் சென்றோம். கண் தெளிந்தது. ஆறு வாரத்தில் மீண்டும் கத்தியைப் பிடித்தார். எங்கள் பேச்சை அவர் எப்பொழுது கேட்டார்?

கருவி 1994-ஆம் ஆண்டுவரை இருந்தது. தைப்பிங் மழைக்குப் பேர்போன ஊர். மழை எப்பொழுது பெய்யும் என்று பந்தயம் கட்டிச் சூதாடியவர்கள் அந்நாளில் இங்கு உண்டு என்பார்கள். மழையோடு இடியும் மின்னலும் சேர்ந்தே வரும். ஒரு பிற்பகல் இடியில் தொலைபேசிக் கம்பி வழியாக மின்னல் பாய்ந்து பெட்டி கருகியது. படிக்கட்டின் கீழிருந்த பழைய கறுப்புத் தொலைபேசியை எடுத்து மாட்டினோம். இப்பொழுதெல்லாம் கைபேசியில் பெரியவர்களே குரற்செய்தி அனுப்புகின்றார்கள். அந்தச் சிறு நாடா மட்டும் எங்கள் பிஸ்கட் டின்னில் இருக்கின்றது.

அந்த மூன்றாண்டில் ஒரு வேடிக்கை நடந்தது. விடுமுறை நாளில் நாங்கள் வீட்டிலிருந்து, மணியடித்ததும் ஓடிச்சென்று எடுத்தால், தந்தையார் குரலில் சலிப்புத் தெரியும்.

"நீங்க ஏன் எடுத்தீங்க? வைங்க. நான் திரும்பப் போடுறேன். ஆயி பேசட்டும்."

வைத்துவிடுவோம். மறுபடியும் மணியடிக்கும். நான்கு முறை அடித்து முடியும் வரை நாங்கள் எடுக்காமல் நிற்போம்.