வேலை கேட்ட தந்தை

25 ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் நான். அவற்றுள் முதற் பத்து ஆண்டுகள் நான் ஊட்டியது இலக்கண அறிவன்று, இலக்கண அச்சம்! இதை ஒப்புக்கொள்ள நாணவில்லை, மறைக்கத்தான் நாணுகிறேன்.

நூற்பாவை ஒப்பித்தவன் அறிவாளி, தடுமாறியவன் மூடன். அதுவே அன்று என் அளவுகோல். "இரண்டாம் வேற்றுமை உருபுக்குப் பின் வல்லினம் மிகும்" என்று பிள்ளைகள் ஒருங்கே முழங்குவர், நானும் மகிழ்ந்திருப்பேன்.

ஒருநாள், 'என் தந்தை' என்னும் தலைப்பில் பத்தி ஒன்று எழுதப் பணித்தேன். ஆலை மூடப்பட்டதால் பிழைப்பிழந்த தொழிலாளியின் மகன் எழுதியிருந்தான்: "என் தந்தை வாயில்தோறும் சென்று, வேலைக் கொடுங்கள் என்று கேட்டார்."

"உன் தந்தை போருக்கா புறப்பட்டார், வேல் கேட்பதற்கு?" என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. "ஐயா, தாங்கள் சொன்ன விதிப்படிதானே எழுதினேன்?" என்றான்.

உண்மைதான்! 'வேல்' என்னும் சொல்லோடு 'ஐ' சேரும்போது 'வேலைக் கொடு' என ஒற்று மிகும். பணியைக் குறிக்கும் 'வேலை' என்ற சொல்லிலோ உருபு மறைந்து நிற்கிறது. ஆதலின் 'வேலை கொடு' என மிகாது வரும். விதியைச் சொன்ன நான், இந்த வேறுபாட்டைச் சொன்னேனா? ஒற்றெழுத்து ஒன்று, பணி கேட்டவரைப் படைக்கலம் கேட்டவராக்கிவிடும் என்று காட்டினேனா? இல்லை! அப்படியாயின் பிழை செய்தவன் அவனா, நானா?

மறுநாள், வகுப்பறிய அவனிடம் வருத்தம் தெரிவித்தேன். அவன் இசைவு பெற்று, அப்பத்தியைக் கரும்பலகையில் எழுதினேன். இரு தொடர்களையும் அருகருகே கண்டதும், பிள்ளைகள் தாமே வேறுபாட்டைக் கூறினர். "ஆலை மூடப்பட்ட செய்தி கடைசியில் இருக்கிறது ஐயா, அது முன்னே வந்தாலன்றோ அவர் ஏன் வேலை கேட்டார் என்பது விளங்கும்?" என்றாள் ஒரு சிறுமி. காரணம் முன்னே, விளைவு பின்னே. ஒரு பத்திக்கு ஒரு கருத்து. நான் சொல்லாமலே பத்தியின் இலக்கணம் அங்கே பிறந்தது! அன்று எவரும் சிரிக்கவில்லை.

தொல்காப்பியம் எழுத்தோடும் சொல்லோடும் நின்றுவிடவில்லை. வாழ்வைப் பேசும் பொருளதிகாரமும் அதில் உண்டு. நாமோ வாழ்வை வகுப்பறைக்கு வெளியே நிறுத்திவிட்டு, விதியை மட்டும் உள்ளே அழைக்கிறோம்.

ஆசிரியத் தோழர்களே! எழுத்தறியாத வீட்டிலிருந்து முதன்முதலாகப் பள்ளிக்கு வரும் பிள்ளை, தன் வீட்டைத் தன் சொல்லால் எழுதட்டும். அந்த எழுத்திலிருந்தே இலக்கணத்தைக் காட்டுவோம். சிவப்பு மை அதன் பிறகு வரட்டும்!